25 அடி நடையும் நம்மூர் வெயிலும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்புகளின் மேலுறை சிதையும் நோய்) மருந்து ஆய்வுகளில் நோயாளியை 25 அடி, அதாவது ஏழரை மீட்டர் சொச்சம், நடக்கச் சொல்வார்கள். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் மருந்து கேட்கிறதா என்பதை அளக்க இதுவும் ஒரு வழி.

கோட்டுக்குப் பின்னால் நின்று, விழாத அளவுக்கு முடிந்த வேகத்தில் நடக்க வேண்டும். முன்கால் கோட்டைத் தாண்டியதும் ஸ்டாப்வாட்ச் ஓடும். உடனே திரும்ப இன்னொரு நடை. இரண்டின் சராசரிதான் கணக்கு. முடிவுக்கோடு நெருங்கும்போது பலர் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். கோட்டைத் தாண்டிய பிறகே நிற்க வேண்டும். கைத்தடி வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி தடி. 10 நொடியில் நடந்தவருக்கு 12 நொடி ஆனால், அது 20 சதவீத மாற்றம்; பொதுவாக அந்த அளவுக்கு வந்தால்தான் பொருட்படுத்துவார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஏப்ரல் மத்தியானம் பஸ் ஏறி திருவனந்தபுரத்தில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நேரே ஆய்வு மருத்துவமனைக்குப் போய் நடந்து காட்டினால் எண் கெட்டுப்போகும். உறை சிதைந்த நரம்பில், உடல்சூடு அரை டிகிரி ஏறினாலே மின்துடிப்பு தடுமாறும். உடல் ஆறினால் தானே சரியாகும். நோய் கூடியதாக அர்த்தமில்லை. காலையிலேயே போங்கள், நன்றாக ஆறிவிட்டு நடங்கள்.

நோயின் புதுத்தாக்குதல் என்று மருத்துவர் எழுத, அறிகுறி குறைந்தது 24 மணி நேரம் நீடிக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ இருக்கக்கூடாது. கால் திடீரென்று கனத்தால், தொற்று இருக்கிறதா என்று முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்வது அதனால்தான். தாக்குதலுக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து அதற்கப்புறம்.