பாயின் எஃப்-7, என்னுடைய டைப் 77

விமானப் படையில் இருபது வருடம் இன்ஜின் பிட்டராக இருந்துவிட்டு 2006இல் வெளியே வந்தேன். வளைகுடாவில் பயணிகள் விமானங்களைப் பராமரிக்கும் ஒரு ஹேங்கரில் வேலை கிடைத்தது. அங்கேதான் பாயைச் சந்தித்தேன். பங்களாதேஷ் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை தாதா என்பார். வங்காளத்தில் அது அண்ணன். நம் ஊர்க் காதுக்கு வேறு மாதிரி விழும். எங்களோடு இருந்த திருநெல்வேலிப் பையன் முதல் வாரம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது பாய் இந்தியில் சொன்னார்: "இன்ஜினை இறக்க விமானத்தையே இரண்டாகப் பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்தவன் நான். இதெல்லாம் எனக்கு விளையாட்டு." நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வால் பகுதியை முழுசாகக் கழற்றி, டிராலியில் பின்னால் இழுத்த பிறகுதான் இன்ஜினில் கை வைக்க முடியும் என்பது மிக்-21இன் குணம். நான் பார்த்தது டைப் 77, அதாவது மிக்-21 எஃப்எல். அவர் பார்த்தது எஃப்-7. மிக்-21ஐப் பார்த்து சீனா செய்த ஜே-7 போர் விமானத்தை வெளிநாட்டுக்கு விற்கும்போது வைத்த பெயர் அது. அன்றைக்கு டீ இடைவேளை கொஞ்சம் நீண்டுபோனது.

விமானியின் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடியான கேனபியில்தான் முதல் சண்டை. எங்கள் டைப் 77இல் கீல் முன்பக்கம். விமானி வெளியே எறியப்படும்போது கேனபியும் அவரோடு போய், காற்று முகத்தில் அறையாமல் காக்கும் என்பது ரஷ்யர்களின் யோசனை. பாய் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பின்பக்கம்தான் கீல்" என்றார். இரண்டும் சரி. சீனர்களின் ஆரம்ப விமானங்களிலும் முன்பக்கக் கீல்தான் இருந்தது. வெளியேறும்போது தொல்லை கொடுத்ததால், 1978இல் பறந்த ஜே-7 இரண்டாம் ரகத்தில் கீலைப் பின்பக்கம் கொண்டுபோய், கேனபி தனியாகக் கழன்று போகும்படி மாற்றி, இருக்கையையும் மாற்றினார்கள்.

எங்களுக்கு ரஷ்யாவிலிருந்து விமானம் வந்தது, கையேடு வந்தது, சொல்லிக்கொடுக்க ஆளும் வந்தார். சீனர்கள் கதை வேறு. 1961இல் மிக்-21ஐச் செய்ய உரிமம் கிடைத்தது. கொஞ்ச காலத்தில் மாஸ்கோவோடு உறவு முறிந்துவிட்டது. கையில் இருந்தவை சில விமானங்களும் உதிரிகளும் அரைகுறை ஆவணங்களும். இதன் கஷ்டம் பிட்டருக்குப் புரியும். ஒரு கம்ப்ரசர் பிளேடை அளந்து வரைந்துவிடலாம். அதை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்து எடுத்தார்கள் என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. அப்படியும் ஷென்யாங்கில் செய்து முடித்து 1966 ஜனவரியில் பறக்கவிட்டார்கள். பிறகு வந்த கலாசாரப் புரட்சியில் தொழிற்சாலைகள் நிலைகுலைந்தன. வேலை செங்டுவுக்கும் குய்சோவுக்கும் போனது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். எகிப்திடமிருந்து கிடைத்த புதிய மிக்-21ஐப் பிரித்துப் பார்த்து அதைப் போலவே ஜே-7 மூன்றாம் ரகத்தைச் செய்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. சிறிய எண்ணிக்கையோடு நின்றுபோனது. தாங்களே முட்டிமோதிக் கற்றுக்கொண்ட பழைய விமானத்தில் இறக்கையை மாற்றினார்கள். 57 பாகை சாய்வை வெளிப்பகுதியில் மட்டும் 42 ஆக்கினார்கள். 1990இல் பறந்த அந்த ஜே-7இ நன்றாகத் திரும்பியது, இறங்குவதும் முன்னைவிடச் சுலபம். சீன விமானப் படையின் சாகசக் குழுவே பல வருடம் அதில்தான் பறந்தது. பார்த்துச் செய்ததைவிடப் பழகிச் செய்தது நின்றது.

பாயிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. 1991க்குப் பிறகு சோவியத் யூனியன் இல்லை, உதிரி பாகமும் சரியாக வரவில்லை. ஒரு விமானத்தில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அன்றாட வேலையாகிவிட்டது. அப்படி ஒரு எரிபொருள் பம்பை மாற்றிவிட்டு, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700இல் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது கசிவு. தரையிலேயே தெரிந்தது என் அதிர்ஷ்டம். அதன் பிறகு கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் பேனாவை மூடி வைத்துக்கொள்வது வழக்கமானது. இன்றைக்கும் வங்கியில் செக் எழுதும்போது அப்படித்தான் செய்கிறேன். மனைவி சலித்துக்கொள்வாள்.

2013ஐ மறக்க மாட்டேன். அந்த டிசம்பரில் கலைக்குண்டாவில் டைப் 77க்கு விடை கொடுத்தார்கள். அதே வருடம்தான் பங்களாதேஷுக்கான கடைசி எஃப்-7பிஜிஐ விமானங்களோடு சீனா உற்பத்தியை நிறுத்தியது. நாங்கள் கிழவன் என்று வீட்டுக்கு அனுப்பியதன் பங்காளி அங்கே புத்தம் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது. மொத்தம் 2,400க்கு மேல் செய்திருக்கிறார்கள்.

2025 ஜூலை 21. டாக்காவில் உத்தராவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் எஃப்-7பிஜிஐ விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். காரணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஹேங்கரில் வேலை பார்த்தவனுக்கு அந்த அவசரம் கூடாது. தொலைக்காட்சியில் ஓயாமல் சொன்ன "பழைய விமானம்" என்ற சொல்தான் உறுத்தியது. அதன் உலோகத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதிருக்கும். வழித்தடங்களில் அதைவிட வயதான பயணிகள் விமானங்கள் எத்தனையோ ஓடுகின்றன. கிழடு தட்டியது 1950களில் வரைந்த அந்த வடிவம்தான். ஒற்றை இன்ஜின், சின்ன இறக்கை, வேகமாக இறங்கியே ஆக வேண்டிய உடம்பு. புதுத் திரை, புது ரேடார் மாட்டலாம், அந்த உடம்பை மாற்ற முடியாது. அந்த வடிவம் பிறந்தபோது விமானத் தளங்களைச் சுற்றி வயல்கள் இருந்தன. இப்போது சுவரையொட்டி அடுக்குமாடிகள். சீனாவிலேயே 2022 ஜூனில் ஹூபெய் மாகாணத்தில் ஒரு ஜே-7 வீடுகள் மேல் விழுந்தது.

இனி அது என்னவாகும்? அதற்கும் மூத்த ஜே-6ஐ ஆளில்லா விமானமாக்கி 2025இல் சாங்சுன் கண்காட்சியில் நிறுத்தினார்கள்; ஜே-7க்கும் அந்த வழி திறந்திருக்கிறது. குய்சோவின் ஜேஎல்-9 பயிற்சி விமானத்தில் அதன் எலும்பு இன்னும் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் க்ரம்மன் நிறுவனத்தோடு சேர்ந்து இதை மேம்படுத்தப் பார்த்தார்கள். 1989இல் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய பிறகு அது நின்றது. அந்த முயற்சியின் மிச்சம் பாகிஸ்தானோடு சேர்ந்து செய்த ஜேஎஃப்-17 ஆக வந்தது. அதற்கும் இன்ஜின் ரஷ்யாவினுடையது என்றால் பாய் சிரிப்பார்.

2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் கடைசி மிக்-21களுக்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் போன் செய்தார். ஜூலைக்குப் பிறகு முதல் தடவை. பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "தாதா, கடைசியாக இறங்கியதற்கு ஃபார்ம் 700இல் யார் கையெழுத்துப் போட்டது?" என்றார்.

டிவியில் அதைக் காட்டவில்லை என்றேன்.