நியூ ஹேவன், நவம்பர்

நவம்பர் 3, ஞாயிறு

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பிபி 150/100. பிரசவத்தை இன்னும் இரண்டு வாரமாவது தள்ளணுமாம். இன்றைக்குக் கடிகாரத்தை வேறு ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு.

நவம்பர் 5, செவ்வாய்

அவள் கண்ணை மூடினால் மூச்சு சீராக வருகிறதா என்று நான் குனிந்து பார்ப்பது அவளுக்கு எரிச்சல். “எங்கேயாவது போய்ட்டு வாம்மா.” மாப்பிள்ளைதான் வழி சொன்னார். “சேப்பல் தெருவுல யேல் பல்கலைக்கழக ஓவியக்கூடம் இருக்கு அத்தை. டிக்கெட் கிடையாது. உள்ளே கதகதப்பா இருக்கும்.”

கதகதப்பாகத்தான் இருக்கிறது. 1953இல் லூயி கான் கட்டிய பகுதியாம். கூரை முழுக்க முக்கோணம் முக்கோணமாகக் கான்கிரீட், பூச்சே இல்லை. நம் ஊரில் இப்படி விட்டால் மேஸ்திரிக்குக் கூலி பாக்கியா என்று கேட்பார்கள். ஆனாலும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில் கழுத்து வலி.

நவம்பர் 6

தம்பி போனை எடுக்கவில்லை. அடகு நகையை மீட்கக் கெடு 15ஆம் தேதி.

நவம்பர் 7, வியாழன்

இங்கேயும் அடகுக் கதைதான். ஜேம்ஸ் ஜாக்சன் ஜார்வ்ஸ் என்று ஒருவர். இத்தாலியில் தங்கி, பழைய மாதா படங்களையும் புனிதர் படங்களையும் யாரும் சீந்தாத காலத்தில் வாங்கிக் குவித்திருக்கிறார். அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் வாங்க ஆள் இல்லை. கடைசியில் 119 படங்களை யேலிடம் வைத்து 20,000 டாலர் கடன் வாங்கினார். மீட்க முடியவில்லை. 1871இல் ஏலம். யேல் மொத்தத்துக்கும் 22,000 கேட்டது. வேறு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மூழ்கிப்போயிற்று.

அதில் ஒரு படம், பொல்லாயுவோலோ வரைந்தது. பாதி குதிரையாக இருக்கும் ஒருவன் ஹெர்குலிஸின் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். ஹெர்குலிஸ் வில்லை இழுத்துப் பிடித்தபடி நிற்கிறான். பின்னால் ஆர்னோ ஆறு வளைந்து வளைந்து போகிறது, அதற்கு ஒரு கவலையும் இல்லை. அம்பு இன்னும் கிளம்பவில்லை. அதற்கு மேல் பார்க்க முடியாமல் வந்துவிட்டேன்.

அம்மாவின் வளையல் நாலு. காசுமாலை.

நவம்பர் 8

பிபி 146. கால் வீக்கம் அப்படியே. விரலும் வீங்கி, மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினோம். என் பர்ஸில் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

ஜான் ட்ரம்புல் செத்துப்போன நாள், 1843. இந்தக் கூடம் ஆரம்பித்ததே அவரால்தான். சின்ன வயதில் விழுந்ததில் ஒரு கண்ணில் பார்வை போனவர். மிச்சமிருந்த கண்ணை வைத்துக்கொண்டுதான் சுதந்திரப் பிரகடனப் படத்தில் அத்தனை முகங்களையும் கட்டைவிரல் அளவில் வரைந்திருக்கிறார். மாப்பிள்ளை 2 டாலர் நோட்டைத் திருப்பிக் காட்டினார், அதே காட்சி.

75 வயதில் கையில் காசு இல்லை. படங்களை யேலுக்குக் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கும்வரை வருடத்துக்கு ஆயிரம் டாலர் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். 1832இல் கூடம் திறந்தது. கிழவர் எத்தனை நாள் இருந்துவிடப் போகிறார் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். மனுஷர் 87 வயதுவரை இருந்து வாங்கினார்! சத்தமாகச் சிரித்துவிட்டேன், காவலாளி திரும்பிப் பார்த்தார்.

படங்களுக்கு அடியிலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று வேறு நிபந்தனை. படங்கள் கட்டடம் மாறியபோது அவரையும் மனைவியையும் தோண்டியெடுத்துக் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். மகளிடம் சொன்னேன். “ஆஸ்பத்திரியில வந்து சொல்ற கதையாம்மா இது?”

நவம்பர் 11

திங்கள், கூடம் விடுமுறை. ரிங் போகிறது, எடுப்பதில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

யேல் யார் என்று பார்த்தால் நம்ம கோட்டைக்காரர். எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னர். சொந்த வியாபாரத்தில் சம்பாதித்தார் என்று கும்பெனியே பதவியைப் பறித்தது. அவர் காலத்தில் அங்கிருந்து அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். 1718இல் இந்தக் கல்லூரிக்கு அனுப்பியது ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகம், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கு 562 பவுண்டுக்குப் போனது. அந்தக் காசுக்கு இத்தனை வருஷமாகப் பெயர் நிற்கிறது. மலிவுதான்.

அவர் மகன் டேவிட் குழந்தையிலேயே போய்விட்டது. கல்லறை இன்னும் சென்னை உயர் நீதிமன்றத்துப் பக்கம் இருக்கிறது.

இதை இன்றைக்கு எழுதியிருக்க வேண்டாம்.

நவம்பர் 14, வியாழன்

வான்கோவின் இரவு விடுதி, 1888. சிவப்புச் சுவர், பச்சைக் கூரை, நடுவில் பில்லியர்ட்ஸ் மேசை. கடிகாரத்தில் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஓரத்து மேசைகளில் ஆட்கள் கவிழ்ந்து கிடக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் ராத்திரி இப்படித்தான். மூன்று ராத்திரி கண்விழித்து வரைந்தாராம். கடைக்காரன் தன்னிடம் கறந்த காசுக்குப் பழிவாங்க அவன் இடத்தையே வரையப்போவதாக வேடிக்கையாகத் தம்பிக்கு எழுதியிருக்கிறார். அவருக்கு வாய்த்த தம்பி பணம் அனுப்புகிற தம்பி.

ரஷ்யாவில் மொரோசோவ் என்ற பணக்காரரிடம் இருந்த படம். 1918இல் அரசாங்கம் பறித்தது, 1933இல் விற்றது. வாங்கிய ஸ்டீபன் கிளார்க் யேலுக்கு எழுதிவைத்தார். மொரோசோவின் கொள்ளுப்பேரன் படம் தனக்குத்தான் என்று கோர்ட்டில் வழக்காடினார். தோற்றார். கைமாறியது கைமாறியதுதான்.

நவம்பர் 15

வங்கி மூடும் நேரம் இங்கே விடியற்காலை. விழித்தேதான் இருந்தேன்.

நவம்பர் 16, சனி

160/110. கூடத்துக்குப் போகவில்லை.

நவம்பர் 17

தம்பி பேசினான். கட்டிட்டேன் அக்கா என்கிறான். ரசீதை வாட்ஸப்பில் அனுப்பு என்றேன். நெட் சரியில்லையாம்.

நவம்பர் 18, திங்கள்

மாப்பிள்ளை போன். இன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்களாம். ஃபிளாஸ்க், சால்வை, அவள் மோதிரம். ரசீது வரவில்லை.