தகரமா கிடுகா: கோழிக்கூட்டில் வெப்பநிலை அளந்து பார்த்தேன்

எங்கள் வீடு கிளிநொச்சி வட்டக்கச்சியில். கோழிக்கூட்டுக் கூரையில் இருந்த தென்னோலைக் கிடுகு உக்கிப் போனதால் தகரம் போடலாம் என்றார் அப்பா. "தகரத்துக்குக் கீழ குஞ்சுகள் அவிஞ்சு போயிடும்" என்று அம்மா விடவில்லை. சரி, சித்திரை வெயிலிலேயே அளந்து பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

கையில் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றும் வெப்பநிலை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சர் இரண்டும் இருந்தன. ஒவ்வொரு சென்சருக்குள்ளும் ஒரு தனி இலக்கம் பதிந்திருப்பதால் இரண்டையும் ஒரே வயரில் இணைக்கலாம். எது எதுவென்று அறிய ஒன்றைக் கைக்குள் பொத்திப் பிடித்தேன். திரையில் எண் ஏறியதும் அதில் சிவப்பு நூல் கட்டினேன்.

மேசையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. 10 மீட்டர் வயர் இழுத்துக் கூட்டடிக்குக் கொண்டுபோனதும் மைனஸ் 127! சென்சரிடமிருந்து பதில் கிடைக்காவிட்டால், அதை வாசிக்கும் லைப்ரரி (ஆயத்த நிரல்) காட்டும் எண் அது. வயரை மாற்றினேன், மூட்டுகளுக்குத் திரும்ப ஈயம் வைத்தேன். இரண்டு பின்னேரம் போனது. கடைசியில், சென்சர் வயரை மின்வழங்கலோடு இணைக்கும் தடையியை (ரெசிஸ்டர்) டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் பெறுமதியைச் சொல்வது அதில் உள்ள நிறக் கோடுகள். மஞ்சள், ஊதா, அடுத்து நான் சிவப்பு என்று நினைத்தது செம்மஞ்சள். 4.7 கிலோ ஓம் இருக்கவேண்டிய இடத்தில் 47 கிலோ ஓம்! நீள வயர் தானே மின்னேற்றத்தைச் சேமிக்கும் ஒரு சின்னக் கொள்ளளவி மாதிரி. அவ்வளவு பெரிய தடையி வழியாக அது மெதுவாகத்தான் நிரம்பும். மைக்ரோ செக்கன் கணக்கில் பேசுகிற சென்சருக்கு அந்தத் தாமதம் ஆகாது. கட்டை வயரில் இந்தப் பிழை வெளியே தெரியவில்லை. தடையியை மாற்றிய உடனே எண் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் சென்சர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க, ஐஸை இடித்துத் தண்ணீர் விட்டு இரண்டையும் அமிழ்த்தினேன். அதில் 0 பாகை காட்ட வேண்டும். 0.19, 0.44. அரைப் பாகைக்குள் பிழை இருக்கலாம் என்று சென்சரின் தரவுத்தாளே சொல்வதால் இது போதும்.

கூட்டின் ஒரு பாதிக்குத் தகரம், மறுபாதிக்குப் புதுக் கிடுகு. கூரையில் முட்டாமல் ஒரு சாண் கீழே, வெயில் படாத இடத்தில் சென்சர்களைத் தொங்கவிட்டேன். பகல் 2 மணிக்குத் தகரத்தின் கீழ் 41.25 பாகை, கிடுகின் கீழ் 35.50. நான் எதிர்பார்க்காதது விடியப்புறம் 5 மணிக்கு வந்தது: தகரம் 24.81, கிடுகு 25.56. பகலில் கொதிக்கிற தகரம் இரவில் வேகமாகக் குளிர்ந்தும் விடுகிறது. குஞ்சுகளுக்கு இரண்டுமே கூடாது.

எண்களைப் பார்த்துவிட்டு அப்பா, "அப்ப தகரத்துக்கு மேல கிடுகைப் போட்டுப் பாப்பம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தகரப் பாதிக்கு மேலே கிடுகு கட்டுகிறோம்.