பின்னல்களுக்கு நடுவே

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி சோதனை எடுக்கும் பணியில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். தலையை நாடாவால் அளந்து, காதுகளையும் சேர்த்து 21 இடங்களில் மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் தோலைத் தேய்த்துப் பசை வைத்து மின்முனையை ஒட்ட வேண்டும். மின்தடை 5,000 ஓமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். அதற்கு முனை தலைத்தோலைத் தொட வேண்டும். முடி குறுக்கே வரக் கூடாது. யாருடைய முடியை மனத்தில் வைத்து இந்தக் கருவிகளைச் செய்தார்கள் என்று நான் அப்போது கேட்டுக்கொண்டதில்லை.

2017-இல் ஒரு திங்கட்கிழமை, வலிப்பாக இருக்கலாம் என்ற ஐயத்தில் அனுப்பப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்மணி வந்து அமர்ந்தார். இடுப்புவரை இறங்கிய மெல்லிய பின்னல்கள், நூறுக்குக் குறையாது. பின்னல் இல்லாமல் வர வேண்டும் என்று எங்கள் குறிப்புத்தாளில் ஒரு வரி இருந்தது, ஆனால் அந்தத் தாள் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. நான் அந்த வரியை அப்படியே ஒப்பித்தேன். சனிக்கிழமை ஏழு மணி நேரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டதாகவும், அவிழ்க்கவே ஒரு நாள் ஆகும் என்றும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். அப்படியானால் இன்று எடுக்க முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். கணினியில் "நோயாளி மறுத்தார்" என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர் மறுக்கவில்லை, நான்தான் மறுத்தேன் என்பது எனக்கு உறைக்கப் பல மாதங்கள் ஆயின. அவர் திரும்பி வரவேயில்லை.

அதே மாதம், ஜமைக்காவுக்கு விடுமுறையில் போய் வந்த எங்கள் வெள்ளைச் சகப் பணியாளர் ஒருவர் தலை முழுவதும் பின்னி, மணி கோத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் சூழ்ந்து நின்று தொட்டுத் தொட்டுப் பாராட்டினோம். "மிக அழகு" என்று நானும் சொன்னேன். எங்களோடு நின்றிருந்த கறுப்பினச் செவிலியர் மட்டும் பேசவில்லை. பிறகு சாப்பாட்டு அறையில் என்னிடம் சொன்னார்: "அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் இதே பின்னலோடு வந்தேன். கொஞ்சம் ஒழுங்காக வாரிக்கொண்டு வரச் சொன்னார்கள். அன்றிலிருந்து தலைத்தோல் எரிய எரிய மருந்து போட்டு முடியை நேராக்கிக்கொள்கிறேன். அழகு என்ற சொல் என் தலைக்குக் கிடைத்ததில்லை." அடுத்த வாரம் அந்த இளம்பெண் பின்னலை அவிழ்த்துவிட்டார். இரவல் வாங்கியவருக்கு அது ஒரு வார அலங்காரம். உடையவருக்கு அதுவே வேலைக்குத் தடை.

இது ஒரு அலுவலகத்தின் கதையன்று என்பது பின்னர் படித்தபோதுதான் தெரிந்தது. தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோவுக்குத் தடை விதித்த விமான நிறுவனத்தின் மேல் ரெனே ராஜர்ஸ் என்ற கறுப்பினப் பெண் தொடுத்த வழக்கை 1981-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்கவில்லை. போ டெரெக் என்ற வெள்ளை நடிகை 1979-இல் ஒரு திரைப்படத்தில் அந்தப் பின்னலைப் பரப்பியதற்குப் பிறகே ராஜர்ஸ் அதைப் போட்டு வந்தார் என்ற வாதத்தையும் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. தலைமுறை தலைமுறையாகத் தாய் மகளுக்குப் பின்னிவிட்ட ஒன்று, நீதிமன்றத்தில் ஒரு நடிகை பரப்பியதாக அறியப்பட்டதைப் படித்து நான் வெகுநேரம் கலங்கிப்போயிருந்தேன். அலபாமாவில், சடைமுடியை வெட்ட மறுத்ததால் கிடைத்த வேலைவாய்ப்பை இழந்த சாஸ்டிட்டி ஜோன்ஸின் தரப்பும் 2016-இல் மேல்முறையீட்டில் தோற்றது. முடியைக் காரணம் காட்டி ஒதுக்குவதையும் இனப்பாகுபாடாகக் கொள்ளும் கிரவுன் சட்டத்தைக் கலிபோர்னியா முதன்முதலாக 2019-இல் நிறைவேற்றியது. நாடு முழுவதற்குமான மசோதா 2022-இல் கீழவையில் நிறைவேறியும் செனட்டில் நின்றுபோயிற்று.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேசிய அடிப்படையிலான குடியேற்ற ஒதுக்கீட்டை ஒழித்து நமக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்த 1965-ஆம் ஆண்டுச் சட்டம், கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறைசென்றும் நடத்திய உரிமைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக வந்தது. அந்தக் கதவு வழியாக வந்த நாம், வார இறுதி விருந்துகளில் அவர்களைக் குறிக்கும் சொல்லை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாய் மூடி இருந்தவள்தான் நானும்.

2020-இல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னெல் எட்டியென் என்ற இளம் கறுப்பினப் பெண்ணும் குழுவினரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை என் கண்ணில் பட்டது. முனை வைக்க வேண்டிய இடங்களில் தலைத்தோல் தெரியும்படி, அளவுக் கோடுகளை ஒட்டியே கார்ன்ரோ பின்னிவிட்டு, பின்னலுக்கு அடியில் கவ்விக்கொள்ளும் பிடிகளில் முனைகளைப் பொருத்தியிருந்தார்கள். ஹைட்டிய மொழியில் மூளையைக் குறிக்கும் "சேவோ" என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். அந்தப் பிடிகள் எங்களிடம் இல்லை. ஆனால் பின்னலுக்குக் கருவி வேண்டியதில்லை. ஒரு படம் போதும். தலையின் கோடுகளை ஒரு தாளில் வரைந்து, முன்பதிவு செய்பவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பத் தொடங்கினேன். நானே தொலைபேசியில் அழைத்து, எப்போது பின்னிக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்கிறேன்.

சென்ற மாதம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைப் பாட்டி அழைத்து வந்தார். படத்தைப் பார்த்து அவரே பின்னியிருந்தார். மூக்கின் மேற்புறத்திலிருந்து பிடரி எலும்பு வரை நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். நடுவகிடு இம்மியும் பிசகாமல் அதன் மேல் விழுந்தது. இரண்டு முனைகளைத் தவிர எல்லாமே முதல் முறையிலேயே 5,000 ஓமுக்குக் கீழே வந்துவிட்டன. "கோடு கோணலாக இருந்தால் சொல்லம்மா, அவிழ்த்துப் பின்னிவிடுகிறேன்" என்றார் பாட்டி. கோணல் இல்லை என்றேன். தங்கள் தேவாலயத்தில் வலிப்பு வரும் இன்னொரு பிள்ளை இருப்பதாகச் சொல்லி, அந்தத் தாளில் மேலும் ஒரு பிரதி கேட்டார். ஐந்து எடுத்துக் கொடுத்தேன்.