மஞ்சள் நோட்டீசும் வாசலில் நின்ற காரும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் கடனில் நொடித்துப்போனால் "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்" என்று சொல்வார்கள்; வழக்கறிஞர்களின் பேச்சில் அதற்குப் பெயர் "ஐ.பி. போடுவது", அதாவது நீதிமன்றத்தில் திவால் மனுப் போடுவது. சென்ற மார்கழியில் அந்தப் பேச்சு என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. பேர்ணாம்பட்டில் பதினாறு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் எனப்படும் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துவந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபின் எனக்கு வந்துகொண்டிருந்த வேலை பாதியாகி, பிறகு காலாகி, ஐப்பசியில் அறவே நின்றுபோனது. கைமாற்று, சீட்டுப் பாக்கி, இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், நூலும் பசையும் கொடுத்த கடைகளின் பாக்கி என்று எல்லாம் சேர்த்து 19 லட்சம் ரூபாய் தலைக்குமேல் நின்றது. அது போக, வாசலில் ஒரு கார் நின்றது.

அந்தக் காரை 2023 மார்ச்சில் வாங்கியிருந்தேன். 9 லட்சம் ரூபாய் கடன், ஏழு வருடத் தவணை, மாதம் 14,940 ரூபாய் டியூ. முப்பது டியூ ஒழுங்காகக் கட்டியவன், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்றைத் தவறவிட்டேன். மற்றக் கடன்களைப் பற்றி யோசிக்கும்போது வராத தூக்கமின்மை இந்தக் காரைப் பற்றி யோசிக்கும்போது வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் இருப்பவை மூன்று கார்கள். அவற்றில் ஒன்று காணாமல் போனால், நான் விழுந்துவிட்டேன் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஐ.பி. போட்டுவிட்டால் கடன்காரர்கள் எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள், காரும் வாசலிலேயே நிற்கும் என்று நான் நம்பியதற்குக் காரணம் இந்த மானப் பிரச்சினைதான்.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனேன். நான் கட்டாகக் கொண்டுபோன கடன் பத்திரங்களை அவர் தொடவில்லை, முதலில் ஆர்.சி. கார்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்த வரியின்மேல் பேனா மூடியை வைத்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி பதிவாகும் அந்த ஒரு வரியைத்தான் நாம் எச்.பி. என்கிறோம். கார் என் பெயரில் இருந்தாலும் அந்த வரி இருக்கும்வரை அது ஈடு வைக்கப்பட்ட பொருள் என்றும், திவால் சட்டம் ஈடு இல்லாத கடன்காரர்களைத்தான் வரிசையில் நிற்க வைக்கும் என்றும், ஈடு பிடித்தவருக்கு அந்த வரிசையே கிடையாது என்றும் அவர் விளக்கினார். எங்கள் வேலூர் மாவட்டத்துக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். ஒருவரைத் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் அனுமதியில்லாமல் அவர்மேல் புதிதாக வழக்குப் போட முடியாது என்று சொல்லும் 28-ஆவது பிரிவே, தன் ஆறாவது உட்பிரிவில், ஈடு பிடித்த கடன்காரர் தன் ஈட்டின்மேல் நடவடிக்கை எடுப்பதற்கு இதில் எதுவும் தடையில்லை என்றும் சொல்லிவிடுகிறது. நான் கோட்டை என்று நினைத்த சட்டத்தில் கார் வெளியேறுவதற்கான கதவு திறந்தே இருந்தது.

இந்த இடத்தில் பலர் குழம்புவதற்கு யூடியூபும் ஒரு காரணம். திவால், கார் லோன் என்று தேடினால் வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்கக் கதைதான். அங்கே மனுப் போட்ட உடனே பறிமுதலுக்குத் தடை விழுகிறது. கடனை மறுபடி ஏற்பதாக எழுதிக் கொடுத்துக் காரை வைத்துக்கொள்ளவும், மூன்று முதல் ஐந்து ஆண்டுத் திட்டத்தில் பாக்கியைக் கட்டவும் வழி இருக்கிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடன்களுக்குச் சொந்த உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இன்னமும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

கடன் கொடுத்த நிறுவனம் எடுக்காவிட்டாலும் கார் எனக்கே மிஞ்சும் என்று சொல்ல முடியாது. திவாலானதாக அறிவித்த பிறகு என் சொத்துகள் நீதிமன்றத்துக்கோ, அவற்றைப் பொறுப்பேற்க அது நியமிக்கும் ரிசீவருக்கோ போய்ச் சேரும். சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, கைத்தொழில் செய்பவரின் கருவி, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. என் மனைவியின் தாலி அந்தப் பட்டியலில் இருக்கிறது, கார் இல்லை. கடன் போகக் காரில் ஏதாவது மதிப்பு மிஞ்சினால் ரிசீவர் அதைக் கேட்பார். எதுவும் மிஞ்சாத காரை அவர் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வழக்கறிஞர் சொன்னார்.

என்னை உண்மையில் அசைத்தது அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி: ஜாமீன் கையெழுத்து யார் போட்டது? ஆம்பூரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் மைத்துனர்தான் போட்டிருந்தார், அதுவும் நான் நீட்டிய இடத்தில் எல்லாம் படிக்காமலே. நான் திவாலாகி, பிற்பாடு நீதிமன்றம் என்னை விடுவித்தாலும், அந்தத் திவால் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி ஜாமீன்தாரர் விடுபடமாட்டார். அன்று இரவு பழைய டெலிவரி சலான் ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டேன். கடனை முடிக்க அந்த நிறுவனம் எழுதிக் கொடுத்த தொகை, அபராதமும் செக் திரும்பிய கட்டணமும் சேர்த்து, 6,82,000 ரூபாய். வேலூரில் பழைய கார் வாங்கி விற்பவர் 6,40,000 ரூபாய்க்குக் கேட்டார். நேரடியாக ஆள் கிடைத்தால் 7 லட்சத்தைத் தொடலாம். நிறுவனம் பறிமுதல் செய்து தன் யார்டில் வெயிலில் நிறுத்தி ஏலம் விட்டால் 5 லட்சம் வந்தாலே அதிகம் என்று ஒரு புரோக்கர் சொன்னார். அப்படியானால் ஏறக்குறைய 1,82,000 ரூபாய் துண்டு விழும். என்னிடம் வசூலாகாத அந்தத் துண்டு, யார்டு வாடகையையும் சேர்த்துக்கொண்டு, மாதச் சம்பளம் வாங்கும் மைத்துனரின் வீட்டுக் கதவைத் தட்டும். வாசலில் கார் நிற்பதைப் பற்றி அவ்வளவு நாள் யோசித்த நான், அதன் பாரம் எந்த வீட்டின்மேல் நிற்கிறது என்று அதுவரை யோசித்ததே இல்லை.

சித்தப்பாவிடம் வேறொரு யோசனை இருந்தது: பரதராமி தாண்டி, சித்தூர்ப் பக்கம் தெரிந்தவர் மாந்தோப்பில் காரைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், மற்ற சொத்துகளைத் தங்கை பெயருக்கு எழுதிவிட வேண்டும். அன்பால் சொன்னதுதான் என்றாலும் அதைப்போலக் கெடுதலான யோசனை இல்லை. திவாலாவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் விலை வாங்காமல் செய்த சொத்து மாற்றத்தை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். ஏமாற்றும் எண்ணத்தோடு சொத்தை மறைப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

போன் தொல்லையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் வசூல் ஆட்கள் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு என்ன என்பதை நிதி நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஆளை வைத்து மிரட்டி வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் கண்டித்திருக்கிறது. அதே நீதிமன்றம் 2020-இல், தவணை தவறிய வாகனத்தை ஒப்பந்தப்படி நிதி நிறுவனம் எடுத்துக்கொள்வது திருட்டு ஆகாது என்றும் சொல்லியிருக்கிறது. நம்மவர்கள் முதல் தீர்ப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள்.

காரைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தொரப்பாடியில் இருக்கும் என் நண்பர், மஞ்சள் போர்டு வண்டியில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காள நோயாளிகளைக் காட்பாடி ஸ்டேஷனுக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் கொண்டுபோய் விடுபவர். அவர் எனக்கு முன்பே ஐ.பி. போட்டவர், ஆனால் வண்டி டியூவை ஒரு மாதம்கூட விடவில்லை. பாக்கிக் கடன் வண்டியின் விலையைவிட அதிகம் என்பதால் ரிசீவருக்கு அதில் அக்கறையில்லை. ஐந்தாம் தேதி பணம் விழுகிறவரை நிதி நிறுவனத்துக்கும் அவர் திவாலானது ஒரு பொருட்டில்லை. அந்த வண்டி தன் டியூவைத் தானே சம்பாதிக்கிறது. என்னுடையது கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் போய்வந்த வண்டி. டியூ கட்ட இன்னொரு கைமாற்றை வாங்கித்தான் அதை வாசலில் நிறுத்தியிருக்க முடியும். எனவே விற்பதென்று முடிவு செய்தேன்.

ஆரணியைச் சேர்ந்த ஒரு பட்டு வியாபாரி 7,05,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். 6,82,000 ரூபாய் என் கையைத் தொடாமல், அவர் கணக்கிலிருந்து நேரே என் லோன் கணக்குக்குப் போனது. அந்த ரசீதின் நகலையும், புரோக்கரும் பழைய கார் விற்பவரும் சொன்ன விலைகளையும் தேதி போட்டு எழுதிவைக்குமாறு வழக்கறிஞர் சொல்லியிருந்தார், ஏனென்றால் நாளைக்கு நான் மனுப் போட்டால் இந்த விற்பனையைப் பற்றி முதல் கேள்வி வரும். மிஞ்சிய 23,000 ரூபாயை இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கூலி பாக்கியாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பதினெட்டு நாள் கழித்து, கடன் பாக்கியில்லை என்று சொல்லும் என்.ஓ.சி.யும், நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வந்தன. எச்.பி. கேன்சலுக்கு அதில் நானும் கையெழுத்திட்டு, பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். மற்றக் கடன்காரர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன், ஐ.பி. மனு வழக்கறிஞரின் மேஜையில் தேதி போடாமல் இருக்கிறது.

என்.ஓ.சி. வந்த அன்று அதைப் படம் எடுத்து மைத்துனருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, தன் அக்கா, அதாவது என் மனைவி, கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தபின், டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னார்: "மாமா, அந்த என்.ஓ.சி.யை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க, என்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்."