கைக்குழந்தையோடு பலாலியிலிருந்து சென்னைக்கு

கடந்த மாதம் எங்கள் ஏழு மாத மகளோடு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்தோம். அவ்வாறே புறப்பட இருக்கும் இளம் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடியில் இருத்திச் செல்லக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் கடவுச்சீட்டும் விசாவும் தனியாக வேண்டும். விமானம் பலமாகக் குலுங்கும்போது எந்தத் தாயின் கையாலும் பிள்ளையை இறுகப் பிடித்திருக்க முடியாது என்பதால், நெடும்பயணமாயின் பணம் சேர்த்தாவது தனி இருக்கை எடுத்து, விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கையில் இருத்துவதே பாதுகாப்பு என்று உறுதியாக நம்புகிறேன். மடியில் வைப்பவர்கள், பணியாளர் தரும் சிறு இருக்கைப் பட்டியைத் தம் பட்டியில் கோத்துப் பூட்ட வேண்டும். ஒரே பட்டியால் இருவரையும் சுற்றிக் கட்டினால் பெரியவரின் பாரம் முழுவதும் குழந்தையை நசுக்கும்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் மகள் திடுக்கிட்டு விழித்து, காதைப் பிடித்தபடி வீரிட்டாள். உடனே பால் கொடுத்தேன்; விழுங்க விழுங்க நடுச்செவியின் அழுத்தம் சமனாகி, நாலைந்து மிடறில் அழுகை அடங்கியது.

கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு குழந்தைக்கான பாலுக்குப் பொதுவாக இல்லை. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். பால்மாவை வேளைக்கு வேளை அளந்து சிறு டப்பாக்களில் கொண்டுபோனதால் வழியில் எதுவும் வாங்க நேரவில்லை. அம்மம்மா கிழித்துத் தந்த பழைய நூல்சேலைத் துண்டே விரிப்பாகவும் போர்வையாகவும் உதவியது.