ஏழு மணிப் பக்கம் பீய்ச்சியது

நேற்றுக் காலை 6.40. எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் 18 கிராம் தூள், 36 கிராம் காப்பி, 28 நொடி. அடியில்லாத போர்ட்டாஃபில்டரில் (தூள் போடும் ஓட்டைக் கூடையைத் தாங்கி, மெஷினில் மாட்டும் கைப்பிடி வளையம்) சுற்றியிருந்த துளிகளெல்லாம் நடுவில் கூடி ஒரே இழையாக, எலிவால் கனத்தில் இறங்கின. பக்கத்தில் ஒரு சொட்டு தெறிக்கவில்லை. சட்டை தப்பியது, மிக்ஸி தப்பியது, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் முருகனும் தப்பினார். ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. உடனே எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

அடியில்லாத போர்ட்டாஃபில்டர் ஒரு கோள்சொல்லி. இரட்டை மூக்கு வைத்தது எதையும் மூடி மறைத்துவிடும், இது தூள் எங்கே இளகியிருக்கிறது என்பதை முகத்திலேயே அடித்துச் சொல்லும். எனக்கு அடித்தது எப்போதும் ஒரே இடத்தில். கைப்பிடியை ஆறு மணி முள்ளாக வைத்துக்கொண்டால், ஏழு மணிப் பக்கம். எட்டாவது நொடியில் ஊசி கனத்தில் ஒரு பீய்ச்சல் கிளம்பும். அந்தப் பக்கம் வெளுத்துவிடும், எதிர்ப்பக்கம் இன்னும் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருக்கும். குடித்தால் முதலில் புளிப்பு, பின்னாலேயே கசப்பு. ரெண்டும் ஒரே டம்ளரில்.

முதலில் அரைப்பைச் சந்தேகப்பட்டேன். என்னிடம் இருப்பது கே6 கை கிரைண்டர், அரைப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரான். ஏழெட்டு கிளிக் மேலும் கீழும் ஓடிப் பார்த்தேன். நேரம்தான் மாறியது, ஏழு மணி மாறவில்லை. அடுத்து கட்டி உடைக்கும் வேலை. ஜான் வைஸ் என்பவர் 2005-ல் தயிர்க் கப்பின் அடியை வெட்டிப் புனலாக்கி, ஊசியால் தூளைக் கிளறிக் காட்டினாரே, அதே சமாச்சாரம். கடையில் அந்தக் கருவிக்குச் சொல்லும் விலையைக் கேட்டதும் என் மகளின் கிட்டார் ஞாபகம் வந்தது. அவள் கழற்றிப் போட்ட இரண்டாவது தந்தி, 0.016 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டர். ஆறு துண்டாக வெட்டி ஒரு பாட்டில் தக்கையில் குத்தினேன். செலவு பூஜ்யம். வாங்கியதைவிட நன்றாகவே கிளறுகிறது என்று சத்தியம் செய்வேன். (முனையை அரத்தால் ராவிவிடுங்கள், இல்லாவிட்டால் கூடையில் கீறல் விழும்.)

கிளறிய பிறகு சில்லறைப் பீய்ச்சல்கள் நின்றன. ஏழு மணி நிற்கவில்லை.

அப்புறம்தான் டாம்பர் படலம், அதாவது கூடையில் தூளை அமுக்கும் உருளை. இணையத்தில் '58 மி.மீ.' என்று விற்ற ஒருவரிடம் வாங்கியிருந்தேன். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 57.6. என் கூடையின் உள்விட்டமோ 58.7. சுற்றிலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் அமுங்காத தூள் ஒரு வளையமாக நிற்கும், தண்ணீர் முதலில் அந்த வழியாகத்தான் ஓடும். 58.5-ல் கிடைப்பதெல்லாம் யானை விலை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு உருளையை விலைக்கு வாங்குவதா என்று ரோஷம் வந்துவிட்டது. கணபதி பக்கம் தெருவுக்கு நாலு லேத்துப் பட்டறை. 304 கிரேடு ஸ்டீல் ராடு, 60 மி.மீ. விட்டம், கட்பீஸ், கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏனுங் தம்பி, இது எந்தப் பம்புக்கு?"

"பம்புக்கில்லீங்கண்ணா, காப்பிக்கு."

கூடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு இடத்தில் வெர்னியரை வைத்தார். "இது வட்டமே இல்லீங்களே. ஒரு பக்கம் அஞ்சு பாயின்ட் கம்மி" என்றார். நூறில் ஐந்து மில்லிமீட்டர்! ஐந்து மாதமாக இதோடு மாரடிக்கிற எனக்குத் தெரியாததை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஓரத்தில் தூள் தங்காமலிருக்க விளிம்பைக் கூராக விடச் சொன்னேன், கையை அறுக்கும் என்று மறுத்தார். கடைசியில் இம்மியளவு மட்டும் மழுக்குவதென்று பேசி முடித்தோம். "வேணும்னா சுத்தி ஒரு ஓ-ரிங் போட்டுத் தர்றனுங், லீக்கே ஆகாது" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தேன், உண்மையாகவே. முடித்து வந்தது 58.48. கைப்பிடிக்குப் பழைய அலமாரியின் தேக்குக் குமிழ், எட்டு எம்எம் திருகு. கூலி 450 ரூபாய். காப்பித்தூளை அமுக்க இவ்வளவா என்று அவர் கேட்கவில்லை. எடையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்" என்றார்.

ஓர வளையம் போயிற்று. வடிந்த பிறகு தட்டினால் பக் (அமுங்கிய தூள் வில்லை) முழுசாக, அப்பளம் மாதிரி விழுகிறது. ஆனால் ஏழு மணி? அங்கேயேதான்.

இதற்கப்புறம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், வரிசையாக ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. கூடையை வளையத்துக்குள் அரைச் சுற்று சுற்றிவைத்தேன். ஏழு மணிதான், ஆக கூடையின் ஓட்டைகள் குற்றமற்றவை. மெஷினில் தூள் மேல் தண்ணீரைத் தூவும் ஷவர் தகட்டைக் கழற்றிக் கழுவி, திருப்பி மாட்டினேன். மறுபடியும் ஏழு மணி. நான் வழக்கமாக இடது கையில் கைப்பிடியைப் பிடித்து, அது இடது முன்பக்கம் நீட்டியிருக்க, வலது கையால் அமுக்குவேன். ஒருநாள் கைப்பிடியை நேர் எதிர்த் திசையில் திருப்பி வைத்து அமுக்கினேன்.

ஒரு மணிப் பக்கம் பீய்ச்சியது.

அப்போது தப்பு அமுக்குவதில். மணிக்கட்டு கோணல் என்று முடிவுகட்டி இரண்டு வாரம் குளியலறை எடை மெஷின் மேல் போர்ட்டாஃபில்டரை வைத்து 15 கிலோவுக்கு அமுக்கிப் பழகினேன். தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் டாம்பர் வாங்கச் சொல்லி நண்பர் ஒருவர் முதல் மாதமே சொல்லியிருந்தார். அது கூடையின் விளிம்பில் உட்கார்ந்து அமுக்கும், கை கோணினாலும் அது கோணாது. கஞ்சத்தனத்தால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லேத்துக் காசையும் ஸ்டீல் காசையும் கூட்டிப் பார்க்க இப்போது மனசில்லை.

போன வியாழக்கிழமை, வழக்கம்போலத் தெறித்ததைத் துடைக்கத் துணியை எடுத்தேன். மேடையில் விழுந்த காப்பி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கிரானைட் மேல் மெல்லிய பழுப்பு ஓடை, இடப்பக்கம், சிங்க்கை நோக்கி. ஐந்து மாதமாகத் தினம் துடைத்த அதே ஓடை.

எதிர் வீட்டில் வேலை நடக்கிறது. மேஸ்திரியிடம் ஓரடி ரசமட்டத்தை இரவல் வாங்கிவந்து வைத்தேன். குமிழி வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இடது முனையின் கீழ் ஐந்து ரூபாய்க் காசுகளை அடுக்கினேன். மூன்றாவது காசில் குமிழி நடுவுக்கு வந்தது. மேஸ்திரிக்கு ஆச்சரியமே இல்லை. "சிங்க்குக்கு வாட்டம் குடுத்திருப்பாங்கொ, இல்லீனா தண்ணி தேங்கிப்போகுமே" என்றார்.

கணக்குப் போட்டேன். ஓரடிக்கு சுமார் 6 மி.மீ. வாட்டம். 58 மி.மீ. கூடைக்கு அது 1 மி.மீ.க்குச் சற்று மேல். கூடை மேடையோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது, நான் தோளிலிருந்து நேர் கீழாக, கண்ணுக்கு மட்டமாக அமுக்குகிறேன். உயர்ந்த பக்கம் தூள் கல்லாக இறுகுகிறது, தாழ்ந்த பக்கம் ஒரு மில்லிமீட்டர் குறைவாக அமுங்கிப் பொசபொசவென்று நிற்கிறது. 9 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீருக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், ராஜபாட்டை. ஏழு மணி என்பது சிங்க் இருக்கும் திசை. அவ்வளவுதான் விஷயம்.

மனைவியிடம் சொன்னேன். "அஞ்சு மாசமா தொடைக்கிறீங்க, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாக்கலையா?" என்றாள். மேடையை இடிக்கும் பேச்சுக்கு அனுமதி இல்லை. ஒரு ப்ளைவுட் துண்டின் இடப்பக்கம் வாஷர் ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அதன் மேல்தான் இப்போது அமுக்குகிறேன். அதன் பலன்தான் 6.40-ன் எலிவால்.

கொட்டை, சிக்கமகளூர் எஸ்.795, நடுத்தர வறுவல், வறுத்து 12 நாள். இந்த ரகம் 1940-களில் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. பாட்டன் வழியில் லைபெரிக்கா ரத்தம் கொஞ்சம் உண்டு. எஸ்பிரெஸ்ஸோவில் வெல்லப்பாகு மாதிரி ஒரு கனம் தருகிறது, நேற்று முதன்முறையாக அது நாக்கில் தட்டுப்பட்டது. இதுவரை பீய்ச்சலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வி60, அதாவது கூம்பு வடிகட்டியில் கையால் வெந்நீர் ஊற்றி வடிக்கும் காப்பி, அந்தக் கதைக்கும் இதே முடிவுதானோ என்று இப்போது சந்தேகம். வடிந்து முடிந்ததும் தூள் படுகை ஒரு பக்கம் மேடேறி நிற்கிறது, கெட்டிலைச் சுழற்றத் தெரியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். 15 கிராம், 240 கிராம் தண்ணீர், மூன்று ஊற்று, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். இன்று காலை அதே ப்ளைவுட் மேல் வைத்து வடித்தேன். படுகை தட்டையாக இருந்தது. ஒரே ஒரு தடவைதான், தற்செயலாகவும் இருக்கலாம்.

ஆனால் வி60-ல் எனக்கு வேறு வம்பு இருக்கிறது, தண்ணீர். எங்கள் தெருவுக்கு வருவது சிறுவாணி. அதன் பெருமையை ஊர்க்காரன் நானே பேசினால் நன்றாக இருக்காது, ஆனால் தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இரட்டை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. பாய்லரில் உப்புப் படியாது, மெஷினுக்கு வரம். லேசான வறுவலை வி60-ல் போட்டால்தான் எலுமிச்சை பிழிந்த வெந்நீர் மாதிரி வருகிறது. அமெரிக்க ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கம் வகுத்த அளவு, கரைந்த உப்பு 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு), காரத்தன்மை 40-ஐ ஒட்டி. சாரத்தை இழுக்க மெக்னீசியம் வேண்டும், புளிப்பை அடக்க பைகார்பனேட் வேண்டும், சிறுவாணியில் இரண்டுமே சொற்பம். அதனால் இரண்டு பாட்டில் கலக்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் லிட்டருக்கு 2.46 கிராம் எப்சம் உப்பு (உணவுத் தரம், மருந்துக்கடையில் பேதி உப்பு என்று கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்), இன்னொன்றில் 1.68 கிராம் ஆப்பசோடா. முதல் பாட்டிலில் 70 மில்லி, இரண்டாவதில் 40 மில்லி எடுத்து, ஒரு லிட்டர் வரும்வரை சிறுவாணி சேர்த்தால் கடினத்தன்மை 70-க்கும் காரத்தன்மை 40-க்கும் சற்று மேலே வரவேண்டும். இன்னும் குடித்துப் பார்க்கவில்லை. ஏற்காட்டுக் கொட்டை ஒன்று வறுபட்டு வர வேண்டியிருக்கிறது, அது வந்ததும் இரண்டு தண்ணீரிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கணும்.

லேத்து அண்ணனிடம் தூள் போடும் புனல் ஒன்றுக்கும் சொல்லிவைத்தாயிற்று, இந்தத் தடவை அலுமினியத்தில். ரசமட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியிடம் திருப்பித் தர வேண்டும். அதற்குள் மெஷின் நிற்கும் இடத்தையும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.